டிஷ்யூ பிராசசர்: ஓபன் மாடலா, குளோஸ்டு மாடலா?

நோயாளிகளின் திசுவைப் பரிசோதிக்கும் எங்கள் ஹிஸ்டாலஜி லேப் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. பண்ருட்டி, விருத்தாசலம், சிதம்பரம் பக்கத்து மருத்துவமனைகளிலிருந்து பயாப்ஸி (பரிசோதனைக்கு எடுத்த திசு) பாட்டில்கள் பஸ்ஸில் வந்து இறங்கும். திசு வைக்கும் சின்ன டப்பாவான காசெட் ஒரு நாளைக்கு 40-ஐத் தாண்டினால் எங்களுக்கு அது கனத்த நாள். அந்தத் திசுவிலிருந்து தண்ணீரை எடுத்து மெழுகை ஏற்றும் மெஷின்தான் டிஷ்யூ பிராசசர். பழையது ஓய்ந்து போனதால் புதிது எடுக்க வேண்டி வந்தது. இரண்டு வகையையும் பார்த்து, ஓடுகிற இடங்களுக்குப் போய் விசாரித்து, கடைசியில் ஓபன் மாடலையே எடுத்தோம். எங்கள் அளவில் லேப் நடத்துபவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். ஏன் என்று சொல்கிறேன். குளோஸ்டு மாடல் எங்கே ஜெயிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓபன் மாடலில் பெரும்பாலும் 12 ஸ்டேஷன்கள் (திரவ ஜாடிகள்) வட்டமாக இருக்கும். காசெட் கூடை ஒன்றிலிருந்து எழும்பி அடுத்ததில் இறங்கும். லைக்கா டிபி1020, தெர்மோ எஸ்டிபி120 எல்லாம் இந்த வகை. இந்தியத் தயாரிப்புகளும் நிறைய உண்டு. குளோஸ்டு மாடலில் கூடை அசையாது. ரிட்டார்ட் எனும் மூடிய கலத்துக்குள் அது இருக்க, பார்மலினும் ஆல்கஹாலும் சைலீனும் உருகிய மெழுகும் பம்ப் மூலம் உள்ளே வந்து வெளியே போகும். பார்மலின் திசுவைக் கெடாமல் காக்கும், ஆல்கஹால் தண்ணீரை எடுக்கும், சைலீன் ஆல்கஹாலை எடுத்து மெழுகுக்கு வழிவிடும். லைக்கா ஏஎஸ்பி300, சக்குரா விஐபி இந்த வகை. சூடு, வேக்குவம், பிரஷர் மூன்றும் உண்டு. ஒரே ஓட்டத்தில் 300 காசெட் போடலாம். விலை ஓபன் மாடலைப் போல் பல மடங்கு.

வேகம், கொள்ளளவு, தொடுதிரை எல்லாம் விற்பனையாளரே விளக்கிவிடுவார். நான் கேட்கச் சொல்வது வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு, கூடைக்குள் 35 நோயாளிகளின் திசு இருக்கும்போது, மெஷின் நின்றுவிட்டால் என்ன செய்வோம்?

மற்ற லேப் மெஷின்களில் இந்தக் கேள்விக்கு இவ்வளவு எடை கிடையாது. ரத்தப் பரிசோதனை மெஷின் நின்றால் மறுபடி ரத்தம் எடுத்துக்கொள்ளலாம். பயாப்ஸி அப்படியில்லை. இரைப்பையிலிருந்தோ புரோஸ்டேட்டிலிருந்தோ கிள்ளி எடுத்த துணுக்கு பாழானால் அந்த மனிதர் மறுபடி அந்த வலியைப் பட வேண்டும். அறுவை செய்து எடுத்த கட்டி என்றால் அதைத் திரும்ப எடுக்கவே முடியாது. எங்கள் டாக்டர் மேடம் இதில் மிகவும் கண்டிப்பு. "மெஷின் போனா வாங்கிக்கலாம் தம்பி, துணுக்கு போனா எங்க போய் வாங்குறது?" என்பார். நாங்கள் மெஷின் தேர்ந்தெடுத்ததும் அந்தக் கணக்கில்தான்.

ஓபன் மாடல் நடுவில் நின்றால் கூடை பெரும்பாலும் ஏதாவது ஒரு ஜாடியில் மூழ்கியே இருக்கும். ஒரு ஜாடியிலிருந்து அடுத்ததற்கு மாறும் அந்தக் கொஞ்ச நேரத்தில் நின்றால்தான் காற்றில் தொங்கும். அப்போது திசு காய்ந்துபோகும் ஆபத்து உண்டு. அதனால் கரண்ட் போனால் கூடையைத் தானே கீழே இறக்கிவிடும் பேட்டரி பேக்கப் இருக்கும் மாடலாகப் பார்த்து எடுத்தோம். இது இல்லாத ஓபன் மாடலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். அப்புறம் காலையில் வரும் டெக்னீஷியன் பேனலைப் பார்த்து எந்த ஸ்டேஷன் என்று தெரிந்துகொண்டு, கூடையைக் கையால் தூக்கி அடுத்த ஜாடியில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து வேலையை முடித்துவிடலாம். மெழுகுக்கு அடுப்பு போல ஓர் ஓவன் இருந்தால் போதும். எங்கள் அப்பா காலத்து டெக்னீஷியன்கள் எல்லாவற்றையும் கையால்தானே செய்தார்கள்!

குளோஸ்டு மாடலில் திசு காய்ந்துபோகாது, உண்மைதான். நல்ல மாடல்களில் மின்சாரம் திரும்பியதும் பாதுகாப்பான திரவத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. சிக்கல் கரண்ட் பிரச்சினையாக இல்லாமல், வால்வுக்குள்ளோ குழாய்க்குள்ளோ அடைப்பாக இருக்கும்போதுதான் வருகிறது. அங்கே அடைப்பதற்கு இரண்டு பொருள்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஒன்று மெழுகு. 56 டிகிரியில் உருகும் மெழுகு, ஹீட்டர் நின்றதும் குழாய்க்குள்ளேயே இறுகிவிடும். இன்னொன்று உப்பு. பஃபர்டு பார்மலினில் இருக்கும் பாஸ்பேட் உப்பு, அடர்த்தியான ஆல்கஹாலைக் கண்டதும் பிரிந்து படியும். பார்மலினுக்கு அடுத்து நேராக 95 சதவீதத்துக்குப் போகாமல் 70 சதவீதம் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஓபன் ஜாடியில் அந்த உப்பு அடியில் வெள்ளையாகத் தங்கும், கழுவிக் கொட்டிவிடலாம். குளோஸ்டு மாடலில் அதுவே வால்வில் போய் உட்காரும்.

புதுச்சேரியில் ஒரு நண்பர் வேலை பார்க்கும் லேபில் இது நடந்தது. சைலீன் கட்டத்தில் வால்வு திரும்பவில்லை. மூடி பூட்டியபடி நின்றுவிட்டது. சர்வீஸ் இன்ஜினியர் சென்னையிலிருந்து வர வேண்டும். போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லித் திறக்க வைத்தார்கள், ஆனால் அதற்குள் திசு சைலீனில் கிடக்க வேண்டிய நேரத்தைப் போல் பல மடங்கு கிடந்துவிட்டது. சைலீனில் அதிகம் ஊறினால் திசு முறுக்கு மாதிரி நொறுங்கும். மெல்லியதாகச் சீவும் மைக்ரோடோமில் தொடர்ச்சியான ரிப்பன் வராது. திசுவை மெழுகில் பதித்த பிளாக்கை ஐஸில் வைத்து, தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொரு செக்‌ஷனாகக் கெஞ்சி எடுத்தார்கள். ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள், ஆனால் அந்த வாரம் முழுவதும் அவர்களுக்குத் தூக்கமில்லை. மெஷின் மோசமானதில்லை. அதைத் தினமும் கிளீனிங் சைக்கிள் ஓட்டி, ஃபில்டர் மாற்றி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்ஜினியர் திறந்து பார்த்துக் கவனிக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தால் அது நடக்கும். சென்னையிலிருந்து வந்தால் நடக்காமல் போவதும் உண்டு.

நம் ஊருக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்ததும் மாவட்டத்தில் பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அங்கே ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்த நாள்களில் தென்பெண்ணை பெருகி இந்தப் பக்கமும் வெள்ளம். இப்படிப்பட்ட நாளில் எந்த இன்ஜினியரும் சென்னையிலிருந்து வரும் கடற்கரைச் சாலையான ஈசிஆரில் வண்டி ஓட்டி வரமாட்டார், வரவும் முடியாது. ஓபன் மாடலின் மோட்டாருக்குச் சின்ன யுபிஎஸ் போதும். குளோஸ்டு மாடலின் ஹீட்டர்களையும் பம்பையும் ராத்திரி முழுக்கத் தாங்க ஜெனரேட்டர் வேண்டும்.

திரவச் செலவும் இதே திசையில்தான் போகிறது. எங்கள் மெஷினில் ஜாடிக்கு 1.8 லிட்டர். பெரிய குளோஸ்டு மாடலில் பாட்டிலுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு போகும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ரிட்டார்ட்டைக் கழுவவே தனியாக சைலீனும் ஆல்கஹாலும் வேண்டும். 300 காசெட் போடுகிற இடத்தில் இது கட்டுப்படியாகும். 40 காசெட்டுக்குக் கட்டுப்படியாகாது.

சரி, குளோஸ்டு மாடல் எங்கே மேல்? முதலில் ஆவி. இதில் விவாதமே கிடையாது. ஓபன் மாடலில் எவ்வளவு நல்ல மூடி போட்டாலும் கூடை எழும்பி இறங்கும்போது சைலீனும் பார்மலினும் அறைக்குள் வரும். பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 20 வருடம் அந்த அறையில் மூச்சு விடப்போவது நம் டெக்னீஷியன். எக்ஸாஸ்டுக்குச் செலவு செய்ய மனமில்லாதவர் ஓபன் மாடல் வாங்கக் கூடாது. அவருக்கு என் வாதம் எதுவும் பொருந்தாது.

அடுத்தது கொழுப்பு. மார்பகம், லிப்போமா (கொழுப்புக் கட்டி) மாதிரி கொழுப்பு நிறைந்த திசுவில் வேக்குவத்தோடு மெழுகு ஏறுவது போல ஓபன் ஜாடியில் ஏறாது. நாங்கள் இதை, திசுவை வெட்டிக் காசெட்டில் வைக்கும் கிராசிங் டேபிளிலேயே சமாளிக்கிறோம். கொழுப்புள்ள திசுவை 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக வெட்டுவதில்லை, காசெட்டை அடைத்துத் திணிப்பதில்லை. கடைசி மெழுகுக்குச் சின்ன வேக்குவம் ஓவன் ஒன்று தனியாக வைத்திருக்கிறோம். மார்பகத் திசு வரும் நாளில் அந்த பிளாக்குகள் அதில் கொஞ்ச நேரம் கூடுதலாக இருக்கும். பரவாயில்லாமல் வருகிறது. ஆனால் மாஸ்டெக்டமி (மார்பக நீக்க அறுவை) திசு நிறைய வரும் லேபில் இது போதுமா என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எங்களுக்கு அந்த வேலை வருவதில்லை.

மைக்ரோவேவ் முறையில் சில மணி நேரத்தில் முடிக்கும் மெஷின்களும் இருக்கின்றன. ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், கையால் இயக்கியதில்லை. அன்றே ரிப்போர்ட் வேண்டும் என்கிற பெரிய மருத்துவமனைக்கு அது உதவும். எங்களுக்குக் காலையில் பிளாக் தயாராக இருந்தால் போதும்.

ஓபன் மாடல் என்று முடிவு செய்தால், மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. சைலீன் ஆவி காற்றைவிடக் கனமானது. அதனால் கூரையில் ஃபேன் வைத்தால் பாதிதான் பலன். மெஷின் மேஜை மட்டத்திலிருந்து உறிஞ்சி வெளியே தள்ளும் குழாய் வேண்டும். அது தெருவில் யார் வீட்டு ஜன்னலுக்கும் நேராக இருக்கக் கூடாது. சைலீன் 30 டிகிரிக்குப் பக்கத்திலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 12 டிகிரியிலேயே விடும். மே மாதத்தில் ராத்திரி மூடிய அறை எவ்வளவு சூடாக இருக்கும் என்று நமக்குத் தெரியும். பக்கத்தில் ஹாட் பிளேட், தீப்பொறி வரும் பழைய சுவிட்ச், தளர்ந்த பிளக் எதுவும் கூடாது. எர்த்திங்கை எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்த்துவிடுங்கள். தரைத்தளத்தில் லேப் என்றால் மெஷினும் யுபிஎஸ்ஸும் தரையிலிருந்து நன்றாக உயரத்தில் இருக்கட்டும்.

12 ஸ்டேஷனை நாங்கள் பிரித்திருப்பது இப்படி: பார்மலின் ஒன்று, 70, 80, 95 சதவீத ஆல்கஹால் ஒவ்வொன்று, முழு ஆல்கஹால் மூன்று, சைலீன் மூன்று, மெழுகு இரண்டு. முதல் பத்தில் தலா ஒரு மணி நேரம், மெழுகில் இரண்டிரண்டு மணி நேரம். மாலை 5 மணிக்கு ஓடவிட்டால் காலை 7 மணிக்குக் கூடை, மெழுகு பிளாக்கில் பதிக்கும் எம்பெடிங்குக்குத் தயார். எத்தனாலுக்குக் கலால் துறை அனுமதி வேண்டும் என்பதால் நாங்களும் ஐசோபுரொப்பைல்தான் பயன்படுத்துகிறோம். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம், முழு ஆல்கஹால் அதை இழுத்துக்கொள்ளும். கடைசி ஆல்கஹால் ஜாடியின் அடியில் ஃபில்டர் பேப்பருக்குக் கீழே நீரற்ற காப்பர் சல்பேட் போட்டுவைப்பது பழைய வழி. தண்ணீர் கலந்தால் நீலமாகும், உடனே மாற்றிவிடலாம். சைலீன் பால் மாதிரி கலங்கினால் அதற்கும் தண்ணீர்தான் காரணம். மெழுகுத் தொட்டியான வாக்ஸ் பாத்தின் சூடு, மெழுகு உருகும் நிலையைவிட இரண்டு மூன்று டிகிரி மட்டும் கூடுதலாக இருக்கட்டும். பேனல் காட்டுவதை நம்பாமல் தெர்மாமீட்டர் விட்டுப் பாருங்கள்.

சனிக்கிழமை காசெட்டைப் போட்டு, மெஷின் பிறகு தானே தொடங்கும்படி டிலே ஸ்டார்ட் வைப்பவர்கள் மார்பக பயாப்ஸியைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும் ஈஆர், பிஆர், ஹெர்2 சோதனைகள் பார்ப்பதற்குத் திசு பார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். விருத்தாசலத்தில் வெள்ளிக்கிழமை காலை எடுத்த துணுக்கு, பஸ்ஸில் வந்து, எங்கள் மெஷினில் ஞாயிறு முழுக்கக் காத்திருந்தால் அந்தக் கணக்கு எல்லையை நெருங்கிவிடும். திசு எடுத்த நேரத்தைப் பாட்டிலில் எழுதச் சொல்லி, அனுப்புகிற மருத்துவமனைகளிடம் விடாமல் கேட்டு வாங்குகிறோம்.

தினம் 100 காசெட்டுக்கு மேல், ஜெனரேட்டர், கூப்பிட்ட அன்றே வரும் இன்ஜினியர், இந்த மூன்றும் இருந்தால் குளோஸ்டு மாடலை எடுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை மாதிரி பெரிய இடத்து வேலைக்கு அதுதான் சரி. மற்றவர்களுக்கு என் சிபாரிசு ஓபன் மாடலும் நல்ல எக்ஸாஸ்டும். எதை எடுத்தாலும், ரிப்போர்ட் முடிந்து வைத்திருக்கும் மீதித் திசுவில் கர்ப்பப்பை, தோல், கொழுப்பு என்று வெவ்வேறு தடிமனில் வெட்டி முதலில் ஓட்டுங்கள். அந்த பிளாக்குகளை அறுத்து, ஹெச் அண்ட் ஈ சாயம் போட்டு, பேத்தாலஜிஸ்ட் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் முதல் நோயாளியின் காசெட் கூடைக்குள் போக வேண்டும்.