‘லண்டன் 1876’ பித்தளை மைக்கூடு: பணம் கட்டும் முன் படியுங்கள்

பழைய பித்தளை மைக்கூடு, பேனா ஸ்டாண்டு, பேப்பர் வெயிட் என்று ஆன்லைனில் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியது, இரண்டு மைக்குப்பியும் பேனாத் தட்டும் சேர்ந்த மைக்கூடு. விலை 18,000 ரூபாய். மேலே ‘லண்டன் 1876’ முத்திரை. கூடவே, மதிப்பு 45,000 ரூபாய் என்று ஒரு சான்றிதழ்.

பார்சலைப் பிரித்துத் திருப்பினால், அடித்தகட்டில் நான்கும் ஸ்டார் ஸ்க்ரூ. அதற்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததே 1936-ல்தான். ஒன்று மட்டும் என்றால் ரிப்பேரில் மாற்றியது எனலாம். மூடியின் கீல்களிலும் அதேதான்.

அப்புறம் குப்பி. அந்தக் காலத்து இரும்புச்சத்து மை அமிலத்தன்மை கொண்டது, உலோகத்தை அரிக்கும். அதனால் உள்ளே கண்ணாடியோ பீங்கானோ வைப்பார்கள். இதில் வெறும் உலோகம், துளி மைக்கறை கிடையாது. விரல் பட்டுத் தேய்ந்திருக்க வேண்டிய மூடிக் குமிழும், யார் கையும் போகாத மூலையும் ஒரே கறுப்பு. ரசாயனம் பூசினால்தான் இப்படி வரும்.

“காந்தம் ஒட்டலையே, சுத்தப் பித்தளை சார்” என்றார் விற்றவர். துத்தநாகத்திலும்தான் காந்தம் ஒட்டாது. அடியில் லேசாக அரம் வைத்து இழுத்தேன். மேலே மஞ்சள், உள்ளே சாம்பல் நிறம். வெறும் முலாம். மொராதாபாத்தில் பழைய மாதிரியிலேயே அருமையான பித்தளைச் சாமான்கள் இன்றும் செய்கிறார்கள். புதுசு என்று சொல்லி விற்றால் சந்தோஷமாக வாங்கலாம். இது அந்தத் தரம்கூட இல்லை.

எனக்கு அதிகம் கோபம் வந்தது அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான். எடை இல்லை, அளவு இல்லை, அடிப்பக்கப் படம் இல்லை. ‘மதிப்பீட்டாளர்’ என்று போட்டிருந்த கைப்பேசி எண், நான் பணம் அனுப்பிய அதே எண்! விற்கிறவரே மதிப்பும் போட்டால் அது மதிப்பீடா?

“பழம்பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது” என்றார். சரி, நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளை வியாபாரமாக விற்க 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டுமே, அதைக் காட்டுங்கள் என்று கேட்டேன். அன்றோடு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். இதே முத்திரையோடு உங்களுக்கும் யாராவது படம் அனுப்பினால், அடிப்பக்கம், ஸ்க்ரூ, குப்பியின் உட்புறம் மூன்றையும் வீடியோவில் கேளுங்கள். தர மறுத்தால் பணம் அனுப்பாதீர்கள்.