பெண்டருக்கு ஒரு கடை, பானெட்டுக்கு ஒரு கடை

பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் மாமாவின் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் 2007ஆம் ஆண்டு வண்டி, விகோ என்று எல்லாரும் சொல்வோமே, அது. தேங்காய், வாழைத்தார், தைப்பூசம் வந்தால் பந்தல் கம்பி என்று எல்லாச் சுமையும் பார்த்த முதுகு. போன மாதம் ஜூரு நெரிசலில் முன்னால் நின்ற லோரியின் பின்புறத்தில் போய் முட்டிக்கொண்டது. பானெட் (என்ஜின் மூடி) நடுவில் மடிந்துவிட்டது, இடது பெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகரம்) சுருங்கிவிட்டது, பம்பரும் இடது ஹெட்லைட்டும் உடைந்தன, இடது கதவில் ஒரு சொட்டை. ராடியேட்டர் தப்பியது. சேஸிஸ் கோணவில்லை என்று அளந்தும் பார்த்தாயிற்று. ஆக, பிரச்சினை தகரத்தோடு நிற்கிறது.

தப்பு மாமாவுடையது என்பதால் சொந்த இன்சூரன்ஸில்தான் கிளேய்ம் போட வேண்டும். போட்டால் என்சிடி, அதாவது கிளேய்ம் போடாததற்குக் கிடைக்கும் பிரீமியக் கழிவு, போகும். அதைவிடக் கடுப்பானது பெட்டர்மென்ட். 5 வயது வண்டிக்குப் புது ஒரிஜினல் பாகம் போட்டால் அதன் விலையில் 15 விழுக்காடு நம் கைக்காசு. வண்டிக்கு வயது ஒன்று ஏற ஏற அதுவும் ஐந்தைந்தாக ஏறி, 10 வயதிலிருந்து 40 விழுக்காட்டில் நிற்கும். அதைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் காப்புறுதியை மாமா வாங்கியிருக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கைக்காசிலேயே செய்துகொள்வோம் என்றார்.

அப்படி முடிவானதும் வழி நான்காகப் பிரிந்தது: தட்டி நிமிர்த்துவது, கெடாய் பொத்தோங்கில் (பழைய வண்டிப் பாகம் விற்கும் கடை) பழைய ஒரிஜினல் வாங்குவது, ஆஃப்டர்மார்க்கெட் (வேறு கம்பெனி செய்த புதுப் பாகம்), புது ஒரிஜினல்.

புது ஒரிஜினலைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. பொருந்தும், துருத்தடுப்புப் பூச்சு ஒழுங்காக இருக்கும், பட்டறைக்காரர் முணுமுணுக்க மாட்டார். இடது பெண்டருக்கு மட்டும் 600 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் சொன்னார்கள். ஆஃப்டர்மார்க்கெட் பெண்டர் 180. மாமா அடுத்த கடைக்கு நடந்துவிட்டார்.

தட்டுவதைப் பற்றி ஒரு தப்பான மரியாதை நம்மிடம் இருக்கிறது. பழைய ஆட்கள் தட்டியே எதையும் நிமிர்த்துவார்கள் என்று பேசுவோம். கதவில் விழுந்த சொட்டைக்கு அது சரி. பானெட்டுக்குச் சரிவராது. பானெட்டின் அடியில் எலும்புக்கூடு போல ஓர் உள்சட்டம் ஓடுகிறது. அது மடிந்துவிட்டால் மேல்தகட்டை எவ்வளவு தட்டினாலும் பழைய வடிவம் வராது. மிச்சப் பள்ளத்தைச் சிமெந்து, அதாவது பாடி ஃபில்லர் பசை, அடித்து நிரப்புவார்கள். தடிமனாக அடித்த சிமெந்து, என்ஜின் சூட்டிலும் குலுக்கலிலும் ஒரு நாள் விரிசல் விடும். விரிசலில் தண்ணீர் இறங்கும், அடியில் துரு பிடிக்கும். கடல் காற்று அடிக்கும் பினாங்கில் இதற்கு அதிக நாள் எடுக்காது.

ஆஃப்டர்மார்க்கெட்டைத்தான் கொஞ்சம் விரித்துப் பேச வேண்டும், ஏனென்றால் அது ஒரே பொருள் இல்லை. தைவானின் தைனான் பக்கத்தில் இந்தத் தொழில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. தொங் யாங் பம்பரும் பெண்டரும் செய்கிறது, டிஒய்சி விளக்கு செய்கிறது. விளக்கில் டிப்போவும் தைவான்தான். இந்தப் பெயர்கள் பெட்டியில் இருந்தால் வாங்குவது இன்னதென்று தெரியும். தாய்லாந்திலிருந்தும் வருகிறது, விகோ பெருமளவில் கட்டப்பட்டது அங்கேதான், அதனால் சரக்குக்குப் பஞ்சமில்லை. மூன்றாவது வகை, பெட்டியில் பெயரே இல்லாமல் பிளாஸ்டிக் சுற்றி வருவது. கடைக்காரர் மூன்றையும் ‘தைவான்’ என்றே சொல்வார்.

பெண்டர் கறுப்பாக வரும். அந்தக் கறுப்பு உண்மையான துருத்தடுப்பாக இருக்கலாம், கப்பலில் வரும்வரை தாங்கினால் போதுமென்று அடித்த பூச்சாகவும் இருக்கலாம். மறைவான ஒரு மூலையில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். துணியில் கறுப்பு வந்தால் முழுவதையும் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். பட்டறையில் இருந்த அண்ணன் எங்கள் பெண்டரை அப்படித்தான் சோதித்தார். துணி சுத்தமாக வந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் பொருத்தம். சாயம் அடிக்கும் முன்பே வண்டியில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டைகள் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும், சக்கர வளைவின் விளிம்பு கொஞ்சம் விரிந்திருக்கும். சாயம் அடித்த பிறகு ஓட்டையை அராவினால் அந்த இடத்திலிருந்தே துரு தொடங்கும். சாயம் அடித்த பாகத்தைக் கடையும் திருப்பி எடுக்காது. 180 வெள்ளி பெண்டரை அரை நாள் மல்லுக்கட்டி உட்கார வைத்தால், அந்தக் கூலியையும் அதன் விலையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரிஜினலுக்கும் இதற்கும் நடுவில் தெரியும் 400 வெள்ளி வித்தியாசம் அப்போது அப்படியே நிற்காது.

விகோவுக்கென்று தனியாக ஒரு வலையும் இருக்கிறது. 2011இல் முகம் மாறியபோது பானெட், பெண்டர், கிரில், விளக்கு எல்லாமே மாறின. பழைய முகத்துக்குப் புதிய பெண்டர் சேராது. பானெட்டில் காற்றுக்கூடு வைத்தது, வைக்காதது என்று இரண்டு. பெண்டரில் அகல வளைவு மாட்ட ஓட்டை உள்ளது, இல்லாதது என்று இரண்டு. கடையில் ‘விகோ பெண்டர்’ என்று மட்டும் கேட்டால் அவர்கள் கையில் அகப்பட்டதுதான் வரும். உடைந்த பாகத்தைப் படம் பிடித்துக்கொண்டு போங்கள்.

பாதுகாப்பைப் பற்றி மாமி கேட்டார்: ‘மலிவுத் தகரம் போட்டா அடிபடும்போது ஆபத்து இல்லையா?’ பெண்டர், பம்பர் தோல் எல்லாம் உடம்பைக் காக்கும் பாகமே இல்லை. 1987இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிலையம் ஒரு ஃபோர்டு எஸ்கார்ட்டின் பெண்டர், கதவுத் தோல், கிரில்லை எல்லாம் கழற்றிவிட்டே சுவரில் மோதவிட்டது. சட்டம் கேட்ட அளவை அந்த வண்டி அப்படியும் எட்டியது. பானெட் மட்டும் வேறு கதை. மோதும்போது அது நடுவில் மடிய வேண்டும், கண்ணாடியைக் குத்திக்கொண்டு பின்னால் வரக் கூடாது. பூட்டுக் கொக்கியும் அதில்தான் இருக்கிறது. நெடுஞ்சாலையில் ஓடும்போது பானெட் திறந்து கண்ணாடியை மறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும், பெயரில்லாப் பெட்டிப் பக்கம் போகத் தோன்றாது. ஃபைபர் பானெட்டும் கிடைக்கிறது. மூட்டை தூக்கும் வண்டிக்கு அது எதற்கு?

ஆகவே பானெட்டுக்குக் கெடாய் பொத்தோங். பலரும் நினைப்பதுபோல அது ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்கிய பழைய வண்டி) இல்லை. விகோ ஜப்பானில் விற்கப்படவே இல்லை. இங்கே கிடைப்பது பெரும்பாலும் இங்கேயே நொறுங்கிக் கழிக்கப்பட்ட வண்டிகளின் மிச்சம். அப்படியானால் இதுவும் ஒருமுறை அடிபட்டுத் தட்டப்பட்டதாக இருக்கலாம். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மேலெங்கும் நகர்த்தினோம். சிமெந்து தடிமனாக உள்ள இடத்தில் பிடி தளரும். முதல் பானெட்டில் மூக்குப் பக்கம் காந்தம் நழுவியது. இரண்டாவது சுத்தம். கீல் போல்ட்டுத் தலையில் சாயம் உடையாமல் இருந்ததையும் பார்த்தோம், அதாவது யாரும் அதைக் கழற்றியதில்லை. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பானெட் என்றால் பெரிய கவலை இல்லை. கதவு என்றால் அடிவிளிம்பில் துரு இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

விலை 350 சொன்னார் கடை முதலாளி தவுக்கே. மாமா 280க்கு முடித்தார். பெயர் உள்ள ஆஃப்டர்மார்க்கெட் பானெட்டும் கிட்டத்தட்ட அதே விலைதான் வந்திருக்கும், ஆனால் கீலும் கொக்கியும் அராவாமல் உட்கார்ந்ததில் கூலி மிச்சம். கோலாலம்பூர்க் கடைகளில் இன்னும் மலிவு என்று நண்பர் ஒருவர் சொன்னார். பானெட் போன்ற பெரிய தகரத்தை அங்கிருந்து ஏற்றி வந்தால் வழியில் ஒரு முனை நசுங்கும், பிறகு யாரோடு சண்டை போடுவது?

கடைசியில் போட்டது இது: பானெட் பழைய ஒரிஜினல், பெண்டரும் பம்பரும் ஆஃப்டர்மார்க்கெட், கதவு தட்டி நிமிர்த்தியது. ஹெட்லைட் இரண்டு பக்கமும் தைவான் விளக்கு. உடையாத வலது விளக்கு மஞ்சள் பூத்துப் போயிருந்தது. இடதை மட்டும் மாற்றினால் வண்டி ஒற்றைக் கண்ணில் புரை விழுந்தது போல இருந்திருக்கும்.

சாயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்று நான் அடம்பிடித்தேன். வண்டியின் விவரத் தகட்டில், நிறக் குறியீட்டுக்கான சி/டிஆர் என்ற இடத்தில் 1டி4 என்று இருந்தது, வெள்ளி நிற மெட்டாலிக். வெள்ளை வண்டியாக இருந்திருந்தால் எளிது. மெட்டாலிக்கில் குறியீடு ஒன்றாக இருந்தாலும் பல வருட வெயில் குடித்த கதவுக்குப் பக்கத்தில் புதுப் பெண்டர் தனியாகத் தெரியும். எப்படியும் சாயம் காணப்போகிற கதவுதானே என்று, பெண்டர் நிறத்தைக் கதவுவரை இழுத்துக் கலந்து விட்டார் அண்ணன். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதற்குரிய பிரைமரை முதலில் அடித்தார். அதை விட்டுவிட்டால் சில மாதத்தில் சாயம் தோல் உரியும். பெண்டரின் உள்பக்க மடிப்பில் சீலரும், அதன் மேல் மெழுகும் அடிக்கச் சொன்னோம். கடைகள் தானாக இதைச் செய்வதில்லை, கேட்டால் செய்வார்கள்.

பெண்டரின் கீழ் முனையில், கதவோடு சேரும் இடத்தில் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூடுதல் அகலமாகத்தான் இருக்கிறது. இன்னும் இழுத்தால் மேலே முட்டும் என்றார் அண்ணன். மாமா குனிந்து பார்த்துவிட்டு, வலது பக்க ஒரிஜினல் இடைவெளியையும் போய்ப் பார்த்தார். இத்தனை வருடம் மூட்டை தூக்கியதில் அது அதைவிட அகலம்.