பவர் செக்கப்பா, முழுக் கண் பரிசோதனையா?

கண்ணாடி மாற்ற வேண்டும் என்றதும் பலரும் போவது பவர் மட்டும் பார்க்கும் செக்கப்புக்குத்தான். தாடையைத் தாங்கியில் வைத்து, இயந்திரத்துக்குள் தெரியும் படத்தைப் பார்த்தால் சில நொடியில் எண் வந்துவிடும். பிறகு எழுத்துப் பலகை, "இது தெளிவா, அது தெளிவா" என்று லென்ஸ் மாற்றுவது, அவ்வளவுதான். சமீபத்தில் முழுசாகப் பார்த்து, கோளாறு எதுவும் இல்லை என்று தெரிந்தவருக்கு இது போதும்.

ஆப்டோமெட்ரிஸ்ட் (கண் பரிசோதனை நிபுணர்) செய்யும் முழுப் பரிசோதனை வேறு. பவரோடு கண் அழுத்தம் (பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம்), விழித்திரை, பார்வை நரம்பு எல்லாம் பார்ப்பார்கள். கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எழுத்து மங்கும். வண்டி ஓட்ட முடியாது. அந்தச் சிரமத்துக்காகவே தட்டிக்கழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது. கிளாகோமா, அதாவது பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் நோய், பெரும்பாலும் வலிக்காது. ஓரப் பார்வையைத்தான் முதலில் அரிக்கும். சீட்டில் 6/6 (பார்வை சரி) என்று எழுதியிருக்கும், உள்ளே நரம்பு தேய்ந்துகொண்டிருக்கும். போன பார்வை திரும்பாது.

சர்க்கரை உள்ளவர்கள், 40 வயது தாண்டியவர்கள், குடும்பத்தில் கிளாகோமா இருப்பவர்கள் முழுப் பரிசோதனைக்கே போங்கள். குழந்தைகளுக்கும் அதுதான், சொட்டு மருந்து விடாமல் பார்த்தால் இயந்திரம் மைனஸ் பவரைக் கூட்டிக் காட்டிவிடும்.

திடீரென மின்னல் வெட்டுவது, கருப்புப் புள்ளிகள் மிதப்பது, திரை இறங்கியதுபோல் மறைப்பது என்றால் இரண்டும் வேண்டாம். அன்றைக்கே கண் மருத்துவரிடம் ஓடுங்கள்.