வீட்டு மொட்டைமாடியா, தறிக்குடோன் கூரையா?

சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுபவர்களுக்கு வீடும் குடோனும் ஒரே காட்டுக்குள் இருக்கும். சோலார் போட ஒரு கூரைக்குத்தான் காசு என்றால், எதில் போடுவது?

வீட்டுக்கு ஒன்றிய அரசின் சூர்யா கர் திட்டம் (2024) இருக்கிறது. 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். ஆனால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். அதை ஒட்டியே பில் வரும் சிறு வீட்டில் சோலார் போட்டு என்ன மிச்சம்? ஏசி, போர் மோட்டார் என்று 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில்தான் போட்ட காசு சீக்கிரம் திரும்பும்.

குடோனுக்கு அந்த மானியம் கிடையாது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்பதால், நாலு தறிக்காரர் அவசரப்பட வேண்டியதில்லை. தறி அதிகம் உள்ளவர், வருமான வரியும் கட்டுபவர் என்றால் கதை வேறு: சோலார் மதிப்பில் ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தேய்மானம் என்று வரிக் கணக்கில் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அப்புறம் அந்தப் பழைய சிமெண்ட் ஷீட் கூரை! பேனல் பாரத்தைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். தாங்காவிட்டால் இரும்புச் செலவு தனி.

என்னைக் கேட்டால், சின்னத் தறிக்காரருக்கு வீட்டு மாடிதான், அதுவும் பில் பெரிதாக வந்தால் மட்டும்.