முதலில் துண்டு போடுவது யார்? ஜைரோட்ரானில் பாங்குத் தேர்வு: மூன்று வழிகள்

உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வந்து படிக்கும் முதுகலை மாணவி ஒருத்தி, வரைபடத்தாளை என் மேசையில் விரித்தாள். "எப்படிப் போட்டாலும் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டே போகின்றன சார். எங்கோ தப்பு செய்திருக்கிறேன்" என்றாள். தப்பு எதுவும் இல்லை. ஜைரோட்ரானின் தலைவலியே அந்த ஒட்டுதல்தான்.

காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் தம் சுழற்சி ஆற்றலை ஒரு செப்பு அறைக்குள் மைக்ரோ அலையாக இறக்கிவைக்கும் கருவி ஜைரோட்ரான். அணுக்கரு இணைவு உலைகளின் பிளாஸ்மாவைச் சூடேற்ற அது தேவை. அறை சிறிதாக இருந்தால் அலை ஒரே பாங்கில், அதாவது அறைக்குள் புலம் பரவி நிற்கும் ஒரே வடிவத்தில், அடங்கி நிற்கும். ஆனால் மெகாவாட் அளவில் சுவர் வெந்துவிடும். அறையைப் பெரிதாக்கினால் சுவர் பிழைக்கும், போட்டிப் பாங்குகள் குவியும். ஜெர்மனியின் வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் உலைக்கான 140 கிகாஹெர்ட்ஸ் ஜைரோட்ரானில் அலைநீளம் சுமார் 2 மி.மீ.; அறையின் விட்டமோ சுமார் 4 செ.மீ. அங்கே வேண்டிய பாங்கு டிஇ28,8 (டிஇ என்பது பாங்கின் வகை; எண்கள் வட்டத்திலும் ஆரத்திலும் புலம் மாறும் விதத்தைக் குறிப்பவை). அதன் இருபுறமும் டிஇ27,8, டிஇ29,8 என்ற இரண்டும் வெறும் 2 விழுக்காடு அதிர்வெண் தள்ளி நிற்கின்றன.

முதல் வழி, எலக்ட்ரான் கற்றையின் ஆரத்தைப் பார்த்து வைப்பது. வேண்டிய பாங்கின் புலம் வலுவாக உள்ள வளையத்தில் கற்றையைச் செலுத்தினால், அங்கே புலம் மெலிந்த பாங்குகள் பட்டினி கிடக்கும். செலவு குறைவு, இது இல்லாமல் எந்த வடிவமைப்பும் தொடங்குவதில்லை. ஆனால் எல்லை உண்டு. மாணவி வரைந்தது ராஜஸ்தானின் பிலானியில் உள்ள சீரி என்ற மின்னணுவியல் ஆய்வகம் உருவாக்கிய 42 கிகாஹெர்ட்ஸ், 200 கிலோவாட் ஜைரோட்ரானின் டிஇ0,3 பாங்கை. அதன் பக்கத்து வீட்டுக்காரன் டிஇ2,3, இடைவெளி 0.84 கிகாஹெர்ட்ஸ்தான். கற்றையோடு இணையும் வலிமை இரண்டுக்கும் ஒரே முதல் வரிசைப் பெஸல் சார்பால் (வட்ட அறையில் அலையின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் கணிதச் சார்பு) அமைகிறது. 6 மி.மீ. ஆரத்தில் இரண்டு கோடும் ஏறக்குறைய ஒன்றாக உச்சம் தொடுகின்றன. ஒன்றுக்குச் சோறு போட்டால் மற்றதற்கும் போட்டதாகிவிடும்.

இரண்டாவது வழி, அறையையே மாற்றுவது. இதில் எனக்குப் பிடித்தது நடுவே தண்டு வைத்த அறை. தண்டை எட்டாமல் வெளிவட்டத்தில் ஓடும் பாங்குக்குப் பாதிப்பில்லை. உள்ளே வரை நீளும் பாங்குகள், மேல்பரப்பில் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய, மெல்லக் குறுகும் தண்டில் சிக்கிப் பலம் இழக்கும். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் டிஇ34,19 பாங்கில், 170 கிகாஹெர்ட்ஸில், குறுந்துடிப்புகளாக 2 மெகாவாட்டுக்கு மேல் எடுத்தது இப்படித்தான். ஆனால் அந்தத் தண்டை நடுவில் பிசகாமல் நிறுத்தவும் குளிரவைக்கவும் படும் பாடு கொஞ்சமல்ல. பக்கம் திறந்த இருகண்ணாடி அறையும் உலோகக் கம்பி அடுக்கு அறையும் போட்டிப் பாங்குகளை நன்றாகவே வெளியேற்றுகின்றன. முன்னதில் வளையக் கற்றையின் ஒரு பகுதி வீணாகிறது. பின்னதில் மெல்லிய கம்பிகள் வெப்பம் தாங்குவதில்லை. மெகாவாட் வேலைக்கு இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது வழிக்கு ஆரப்பாளையம் பஸ் நிலையத்தைப் பார்த்தால் போதும். உசிலம்பட்டி பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு விழும். பின்னால் ஏறுகிறவர் எவ்வளவு பலசாலியானாலும் அந்த இருக்கை அவருக்கில்லை. அறைக்குள்ளும் அதே நியாயம்: முதலில் வளர்ந்து நிலைத்த பாங்கு, தனியாக இருந்தால் தாமே எழக்கூடிய மற்றவற்றையும் அடக்கிவிடும். ஆகவே மின்னழுத்தத்தை எந்தப் பாதையில் ஏற்றுகிறோம் என்பதே முக்கியம். அழுத்தம் ஏற ஏற எலக்ட்ரானின் சார்பியல் நிறை கூடிச் சுழற்சி அதிர்வெண் குறையும். அந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போகும் பாங்கே எழும் என்பதால், உயர் அதிர்வெண் பாங்குகளுக்கு முதல் வாய்ப்பு. பாதை தவறினால் டிஇ29,8 துண்டு போட்டுவிட்டு எழுந்திருக்க மறுக்கும். கற்றையை உமிழும் எலக்ட்ரான் துப்பாக்கி டையோடு வகையானால் ஒரே அழுத்தம் எல்லாவற்றையும் ஆட்டுவிக்கிறது. டிரையோடில் கூடுதல் நேர்மின்வாய் சுழல் வேகத்தைத் தனியே கட்டுப்படுத்தும். அதற்கு இன்னொரு மின்வழங்கி வேண்டும். அந்தச் செலவு தகும் என்பேன்.

காரணம் இதுதான். திறன், அதாவது கொடுத்த மின்சாரத்தில் அலையாக மாறும் பங்கு, உச்சத்தில் இருக்கும் பகுதியில் அலை இரைச்சலிலிருந்து தானாக எழவே எழாது. எளிதில் எழும் இடத்தில் தொடங்கி, அலை நிலைத்தபின் கையைப் பிடித்து அங்கே கூட்டிச் செல்ல வேண்டும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட முடிவு அதைக் காட்டியது: 170 கிகாஹெர்ட்ஸ், 1 மெகாவாட், 800 விநாடிகள், 55 விழுக்காடு திறன். அறையின் வடிவம் மட்டும் அந்த இடத்துக்குக் கூட்டிச் செல்லாது.

மாணவி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில், ஆரத்துக்குப் பதில் மின்னழுத்தத்தைக் கிடையச்சில் வைத்து மறுபடி வரைந்தாள். இடது மேலிருந்து இறங்கிவந்த சுழற்சி அதிர்வெண் கோடு டிஇ0,3இன் 42ஐத் தொட்டபோது, டிஇ2,3இன் 41.16க்கு இன்னும் இரண்டு விரல் தூரம் இருந்தது.