கடலூர் வீட்டுக்குள் கொசுவும் கரப்பானும்: மருந்தா, தடுப்பா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்து பத்து நாள் ஆவதற்குள் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெரு முழுவதும் கொசுவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. என் மகனுக்கு மூச்சிரைப்பு உண்டு. அதனால் எதை வாங்குவது என்பது எங்கள் வீட்டில் காசுக் கணக்கோடு முடிகிற விஷயமாக இருக்கவில்லை. அந்த மழைக்காலத்திலும் அடுத்த மழைக்காலத்திலும் ஒவ்வொன்றாகப் பயன்படுத்திப் பார்த்தோம்.

முதலில் கொசுவர்த்திச் சுருள். இருப்பதிலேயே மலிவு இதுதான். மின்சாரம் தேவையில்லை என்பது இதன் உண்மையான பலம். புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்த இரவுகளில் வேறு எதுவும் கைகொடுக்கவில்லை. ஆனால் ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்தால் வருவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. கதவைச் சாத்திக் குழந்தையைத் தூங்கவைத்த அறையில் இதைக் கொளுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. சுருளுக்கு உரிய இடம் வாசல் திண்ணைதான்.

பிளக்கில் மாட்டும் திரவ மருந்தில் புகை இல்லை. அதனாலேயே பலர் இதைத் தீங்கற்றது என்று நினைத்துவிடுகிறார்கள். சுருளில் இருப்பதும் இதில் இருப்பதும் பெரும்பாலும் பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பத்து மருந்துகள்தான். புகையை விட்டோமே தவிர மருந்தை விடவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து மின்விசிறியையும் ஓடவிட்டால் மருந்து கலைந்துவிடும், மூடினால் நாம்தான் அதை மூச்சில் இழுப்போம். வீட்டில் மீன் தொட்டி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் மீன்களுக்கு இந்த மருந்து கொடிய நஞ்சு. மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவமும் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. தவழும் குழந்தை எட்டும் உயரத்தில் இருக்கிற பிளக்கில் இதை மாட்டவே கூடாது.

கொசுவலை எந்த மருந்தும் இல்லாமல் வேலை செய்கிறது. ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண் (துளை) உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். முதல் வாரம் வலைக்குள் தூங்கிய மகனின் வலது முழங்காலில் மட்டும் வரிசையாக ஆறேழு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. வலையில் ஓட்டையைத் தேடித் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. இரவில் விளக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. முழங்கால் வலையோடு ஒட்டிக் கிடந்தது, கொசு வெளியே உட்கார்ந்தபடியே வலைக் கண் வழியாகக் குத்திக்கொண்டிருந்தது. வலையை அகலமாகக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிய பிறகு புள்ளிகள் இல்லை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கிறது. இரவு வலை அதற்கு என்ன செய்யும்?

எனவே ஜன்னலுக்கே வலை அடிப்பதுதான் என் தேர்வு. ஆனால் கடலோர ஊரில் எந்த வலை என்பதில் பணம் போய்விடும். நாங்கள் முதலில் அடித்தது துத்தநாகம் பூசிய இரும்பு வலை. உப்புக் காற்றில் அது சட்டத்தின் ஓரமாகத் துருப்பிடித்து உதிர்ந்தது, விரலால் தொட்டால் பொடியாகக் கொட்டியது. வாடகை வீட்டுக்கு வெல்க்ரோ பட்டையில் ஒட்டும் ஃபைபர் கிளாஸ் வலை போதும். கழற்றித் துவைக்கலாம், வீடு மாறும்போது எடுத்துக்கொண்டும் போகலாம். பட்டையின் பசைதான் வெயிலில் விட்டுப்போகிறது, ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சொந்த வீடு என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதிலும் தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டி இருப்பவர்கள் 304 ரகத்தை விட 316 ரகத்தைக் கேட்டு வாங்குவது நல்லது, உப்பை அது அதிகம் தாங்கும். எந்த ஜன்னல் வலையானாலும் ஓர் அங்குல நீளத்துக்கு 16 முதல் 18 கண் இருந்தால் கொசு நுழையாது. காற்று கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் பிறகும் இரவில் கொசு இருந்தது. காரணம் வீட்டின் பின்புறம் நின்ற செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய். இரவில் கடித்து யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணீரில்தான் முட்டையிடும். குழாயின் வாய் திறந்திருந்தால் தொட்டியே அதற்குப் பண்ணையாகிவிடும். ஒரு சாண் நைலான் வலையைக் குழாய் வாயில் வைத்துக் கம்பியால் கட்டினோம், செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. நான் செய்த எல்லாவற்றிலும் அதிகப் பலன் தந்தது இதுதான். நோய்க்கடத்திகளை ஆராயும் மத்திய அரசு மையம் 1975 முதல் புதுச்சேரியில் இயங்குகிறது. அது 1981 முதல் 1985 வரை அங்கே யானைக்கால் கொசுவை எதிர்த்து நடத்திய திட்டத்திலும் கொசு உற்பத்தியாகும் இடங்களைக் குறைப்பதற்கு முக்கிய இடம் இருந்தது. பக்கத்து ஊரிலேயே இவ்வளவு அறிவு இருந்தும் நம் தெருக்களில் பாதிக் குழாய்கள் வாய் திறந்தே நிற்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஏடிஸுக்கு இது பொருந்தாது. அது நல்ல தண்ணீரைத் தேடுகிறது: பூந்தொட்டித் தட்டு, மாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பா, ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. அதன் முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் பிழைத்திருக்கும். வாரம் ஒருமுறை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டும் என்று விற்கும் மீயொலிக் கருவிகளை வாங்க வேண்டாம். கொசுக்கடியை அவை தடுக்கவில்லை என்று 2007-இல் பல கள ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ மீளாய்வு தெளிவாகச் சொல்லிவிட்டது.

கரப்பானுக்கு வந்தால் போட்டி ஸ்பிரேக்கும், நஞ்சு கலந்த இரையாக வைக்கும் ஜெல்லுக்கும்தான். ஸ்பிரே அடித்ததும் கண்ணெதிரே நாலு கரப்பான் மல்லாந்து துடிக்கும், மனசு நிறைந்துவிடும். ஆனால் ஃபிரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னால் வாழும் சின்ன, பழுப்பு நிறக் கரப்பானின் பெண் பூச்சி, முப்பது நாற்பது முட்டை கொண்ட பையை வயிற்றின் நுனியிலேயே சுமந்து திரிகிறது. மருந்து படாத இடுக்கில் ஒன்று தப்பினால் போதும். ஜெல்லைத் தின்ற பூச்சி இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் உடலையும் எச்சத்தையும் தின்னும் மற்றவையும் அதே நஞ்சில் சாகும். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதற்குள் பலர் பொறுமையிழக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் காலையில் அலமாரி இடுக்கெல்லாம் ஜெல் வைத்துவிட்டு, "சேர்த்து அடித்துவிட்டால் சீக்கிரம் போய்விடும் அக்கா" என்று சொல்லி அதே அலமாரிக்கு ஸ்பிரேயும் அடித்தார். ஸ்பிரேயின் வாடை உள்ள இடத்துக்குக் கரப்பான் வராது, வராவிட்டால் ஜெல்லைத் தின்னாது. இரண்டும் வீணாயின. ஒரு மாதம் கழித்து அலமாரியைச் சோப்பு நீரால் துடைத்து, கீல் ஓரங்களில் அரிசி அளவுப் புள்ளிகளாக நானே ஜெல் வைத்தேன். மூன்றாம் வாரம் இரவு பதினொரு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரே ஒரு குஞ்சு மட்டும் ஓடியது.

சாக்கடை வழியாக ஏறி வரும் பெரிய செங்கரப்பானிடம் ஜெல் அவ்வளவாக எடுபடாது. அது வெளியே பெருகி உள்ளே வருவது. குளியலறைத் தரை ஓட்டையின் வளைவில் தண்ணீர் நிற்கும் வரை அந்த வழி அடைபட்டிருக்கும், காய்ந்தால் திறந்துவிடும். பல நாள் வெளியூர் போய்த் திரும்பினால் வீடு முழுவதும் கரப்பான் திரிவது இதனால்தான். கதவைப் பூட்டும் முன் ஒவ்வோர் ஓட்டையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள்.