பழவேற்காடா, முட்டுக்காடா?

ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தண்ணீர் பார்க்க வேண்டும், ஆனால் மெரினா கூட்டம் வேண்டாம் என்றால் சென்னைக்காரர்களுக்கு இரண்டு திசை இருக்கிறது. தெற்கே முட்டுக்காடு, வடக்கே பழவேற்காடு. பக்கிங்காம் கால்வாய் இரண்டையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. குணம் மட்டும் நேரெதிர்.

முட்டுக்காட்டைச் சட்டென்று சொல்லிவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை விட்டால் படகுத்துறை வாசலில் இறங்கலாம். டிக்கெட் எடுத்து, லைஃப் ஜாக்கெட் மாட்டி, மோட்டார் படகில் ஒரு சுற்று. பக்கத்திலேயே தட்சிணசித்ரா, தென் மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி, 2021இல் சுத்தமான கடற்கரைக்குத் தரும் ‘நீலக்கொடி’ சான்று வாங்கிய கோவளம் கடற்கரையும் அலைச்சறுக்குப் பையன்களும். பிள்ளைகளுக்குப் பொழுது போவதே தெரியாது. வரலாறு? கோவளத்தில் ஒரு கோட்டை இருந்தது. 1752இல் ஆங்கிலேயத் தளபதி ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்தார், பிறகு தகர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது நட்சத்திர ஹோட்டல். காபி குடித்தபடி கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

பழவேற்காட்டில் அந்த வசதியெல்லாம் கிடையாது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஊருக்குள் நல்ல கழிவறை தேடுவதே பெரும்பாடு. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நம்மை வரவேற்கும்போது வந்த அலுப்பு போய்விடும். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள், குடும்பச் சின்னங்கள். 1613இல் இங்கே எழுந்த கெல்டிரியா கோட்டைதான் 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம். அப்புறம்தான் நாகப்பட்டினத்துக்கு மாறினார்கள். இன்று கோட்டை என்று பார்க்க முள்மண்டிய மேடும் அகழியும்தான் மிச்சம். இந்தக் கரையிலிருந்து கட்டம்போட்ட துணி கப்பலேறியது பெருமை. மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள் என்பதையும் அங்கே நிற்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஏரியும் சாதாரணமானதல்ல. உவர்நீர் ஏரிகளில் இந்தியாவிலேயே ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரியது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. இங்குள்ள மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு: எந்த இடத்தில் யார், எப்போது வலை போடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். எனக்கு இது கோட்டையைவிடச் சுவாரசியமான விஷயம்.

படகு சவாரி என்றால் மட்டும் முட்டுக்காட்டுக்குத்தான் என் ஓட்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு உல்லாசப் படகுக்குத் தடை வந்தது. “முகத்துவாரம் வரைக்கும் போலாமா சார்?” என்று யாராவது மெதுவாகக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஆக, கைக்குழந்தையோ பள்ளிப் பிள்ளைகளோ இருந்தால் முட்டுக்காடு. பழைய கல்லைத் தடவிப் பார்க்கும் பைத்தியம் உங்களுக்கும் இருந்தால், பழவேற்காடு. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையில் போய்விடுங்கள், வெயில் ஏறினால் நிழல் கிடைக்காது. பூநாரைக் கூட்டம்தான் குறி என்றால் சூலூர்பேட்டை போய், ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் கிழித்துக்கொண்டு போகும் சாலையில் தேடுங்கள். பைனாகுலரை மறந்துவிட்டு நான் ஒருமுறை அங்கே நின்றேன். தூரத்தில் தெரிந்தது வெறும் ரோஸ் நிறக் கோடு.